மண் பாதைக்குப் போகிற வண்டியில் என்ன டூல்ஸ், என்ன ஸ்பேர் வைக்கலாம்?

புது மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ கைக்கு வந்ததும் பலரும் முதலில் வாங்குவது, புதைந்த வண்டியை இழுத்து எடுக்கும் சாமான்கள் அடங்கிய ஒரு ரெடிமேட் ரெக்கவரி பை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், உள்ளே கயிறு, ஷாக்கிள் (கயிற்றை வண்டியோடு மாட்டும் இரும்பு வளையம்), கையுறை எல்லாம் இருக்கும். வாங்கினால் தப்பில்லை. ஆனால் ஜமுனாமரத்தூர் தாண்டி ஏதோ ஒரு கல் பாதையில் வண்டி நின்றுவிட்டால், காரணம் பெரும்பாலும் ஒரு முள், ஒரு ஃபியூஸ், ஒரு ஹோஸ் கிளிப் மாதிரி அற்பமான ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பையில் இதற்கெல்லாம் மருந்து கிடையாது.

சென்னையிலிருந்து சனி, ஞாயிறில் போய்வரக்கூடிய இடங்களுக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, நாகலாபுரம் பக்கம், காஞ்சிபுரம் செங்கல்பட்டு ஏரிக்கரைகள் என்று எங்கே போனாலும், கொஞ்ச தூரத்தில் போளூரோ திருப்பத்தூரோ புத்தூரோ ஒரு ஊர் இருக்கும். அங்கே ஒரு மெக்கானிக்கும் இருப்பார். அதனால் காட்டுக்குள்ளேயே இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் அளவுக்குச் சாமான் வேண்டாம். வண்டியைச் சொந்தக் காலில் மெயின் ரோட்டுக்குக் கொண்டுவர என்ன தேவையோ அது போதும். எதை எடுப்பது, எதை விடுவது என்று குழப்பம் வரும்போதெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது என்னை மெயின் ரோடு வரை கொண்டுபோய் விடுமா?

பெட்டி கட்டுவதற்கு முன் இன்னொன்று. ரிசர்வ் ஃபாரஸ்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விடுவது குற்றம். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பாதை யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்பேனரைத் தேடலாம்.

முதல் வேலை: வண்டியைச் சுற்றி ஒரு நடை

கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள், அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கிலோ வீட்டு வாசலிலோ வண்டியின் பானட்டைத் திறந்து வையுங்கள். நண்பரிடமோ தெரிந்த மெக்கானிக்கிடமோ ஒரு முழு சாக்கெட் செட் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி டெர்மினல், ஏர் ஃபில்டர் பெட்டி, ஹோஸ் கிளிப், அடியில் இருக்கும் ஸ்கிட் பிளேட், மட்கார்டு, வீல் நட்டு என்று கைக்கு எட்டுகிற ஒவ்வொரு போல்ட்டிலும் சாக்கெட்டை வைத்துப் பார்த்து, எந்த இடத்துக்கு எந்த அளவு என்று நோட்டில் எழுதுங்கள்.

எழுதி முடித்தால் பட்டியல் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். ஜிப்ஸி, ஜிம்னி மாதிரி சுசுகி வண்டிகளில் பொதுவாக 10, 12, 14, 17 மி.மீ. அடிக்கடி வரும். மஹிந்திராவில் 10, 13, 17, 19 அதிகம். புது மாடல்களில் நட்சத்திரத் தலை போட்ட டார்க்ஸ் போல்ட்டும் நிறைய இருக்கிறது. எல் கீ செட்டை மட்டும் நம்பிப் போனால் அதன் முன்னால் முழிக்க வேண்டியதுதான். உங்கள் நோட்டில் இருக்கும் அளவுகளை மட்டும் நல்ல தரத்தில் வாங்குங்கள். 108 பீஸ் செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று தூக்கி வந்தால், அதில் பாதிக்கு மேல் உங்கள் வண்டியில் எங்கேயும் பொருந்தாது, எடை மட்டும் ஏறும்.

இதோடு ஒரு ரேட்செட், ஒரு நீள எக்ஸ்டென்ஷன், கட்டிங் பிளேயர், வைஸ் கிரிப், இரண்டு அளவில் ஸ்டார் மற்றும் ஃபிளாட் ஸ்குரூ டிரைவர், ஒரு சுத்தியல், ஒரு ஆக்சா பிளேடு. தலையில் மாட்டும் டார்ச் கண்டிப்பாக வேண்டும். செல்போன் வெளிச்சத்தில் வேலை பார்த்தால் ஒரு கை போனுக்கே போய்விடும்.

வீல் நட்டு சோதனை

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வண்டியோடு கம்பெனி கொடுத்த வீல் ஸ்பேனரை எடுத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டையாவது கழற்றிப் பாருங்கள். டயர் கடையில் ஏர் கன் வைத்து 'டர்ர்' என்று இறுக்கிய நட்டு, அந்தக் குட்டி ஸ்பேனருக்குப் பல நேரம் அசையாது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிப்பார்கள். நட்டின் முனை மழுங்கும், அல்லது கால் வழுக்கும். சரியான அளவு சாக்கெட்டும், நீளமான பிரேக்கர் பாரும் இருந்தால் ஒரு அழுத்தில் இளகிவிடும். பார் இல்லையென்றால் ஸ்பேனர் கைப்பிடியில் நுழையும்படி இரண்டடி ஜி.ஐ. பைப் ஒன்று வெட்டி வாங்கி வைத்துக்கொள்ளலாம். பைப்பைக் கழற்றுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதைப் போட்டு இறுக்கினால் நட்டு ஏறும் ஸ்டட் முறிந்துபோகும்.

அலாய் வீலுக்குத் திருட்டு பயத்தில் லாக் நட்டு போட்டிருந்தால், அதன் சாவி எங்கே என்று இப்போதே தேடுங்கள். வீட்டு அலமாரியில் இருக்கிற சாவியால் மலை மேல் ஒரு பிரயோஜனமும் இல்லை. சக்கரம் மாற்றிய பிறகு ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு தடவை நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சில வண்டிகளில் ஸ்டெப்னி அடிவயிற்றில் செயினில் தொங்கும். சேறும் உப்புக்காற்றும் பட்டு அந்தச் செயின் துருப்பிடித்திருந்தால் ஸ்டெப்னி கீழே இறங்கவே இறங்காது. அதையும் ஒரு தடவை இறக்கி ஏற்றிவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வேலையோடு சேர்ந்ததுதான்.

டயரும் காற்றும்

காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் இதில் செலவழியுங்கள். விஞ்ச், ஸ்னார்க்கெல் எல்லாம் அப்புறம்.

மண், சேறு, மணல் எதுவானாலும் டயரில் காற்றைக் குறைத்தால் டயர் படியும் பரப்பு நீளும், வண்டி புதையாமல் ஏறும். ரோட்டில் 30, 32 பி.எஸ்.ஐ. ஓட்டுகிறவர்கள் கரடுமுரடான பாதையில் 20 பக்கம் இறக்குவது வழக்கம். மணலில் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். 15க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் அபாயம் இருக்கிறது, புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். குறைத்த காற்றோடு வேகம் கூடாது. ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடித்தாக வேண்டும். அதற்காகத்தான் கம்ப்ரசர்.

கம்ப்ரசர் வாங்கும்போது சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன வகையைத் தவிர்த்து, பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் வகையைப் பாருங்கள். பெரிய டயருக்குக் காற்றடிக்கும் அளவு கரண்ட் இழுத்தால் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் தாங்காது. இன்ஜினை ஓடவிட்டே அடியுங்கள். தொட முடியாத அளவுக்குச் சூடேறினால் நிறுத்தி ஆறவிடுங்கள். அதோடு தனியாக ஒரு பிரஷர் கேஜ், டயர் வால்வுக்குள் இருக்கும் ஊசியை (வால்வு கோர்) கழற்ற ஒரு ரிமூவர், நாலைந்து வால்வு கோர், மூடிகள். எல்லாம் சேர்த்தாலும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

பஞ்சர் கிட் இல்லாமல் நம்ம ஏரிக்கரைப் பக்கம் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள். காரணம் வேலிக்காத்தான். காய்ந்த கிளை மண்ணில் புதைந்து கிடக்கும், முள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கனமான ஆல் டெரெய்ன் டயரில்கூட ஏறிவிடும். முள்ளைப் பார்த்ததும் உடனே பிடுங்கக் கூடாது. ரீமர் (ஓட்டையைத் தேய்த்துச் சீராக்கும் கம்பி), ஸ்ட்ரிப் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் பட்டை), கம்ப்ரசர் எல்லாம் தயாரானதும்தான் பிளேயரால் பிடித்து, அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். அதே சாய்வில் ரீமரை விட்டு நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, ஊசியில் கோத்த ஸ்ட்ரிப்பை முக்கால்வாசி அழுத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவுங்கள். வெளியே நீட்டும் வாலைக் கொஞ்சம் விட்டு வெட்டிவிட்டு, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குமிழி வந்தால் பக்கத்தில் இன்னொரு ஸ்ட்ரிப் சொருகலாம். அதற்காக ஒரு பழைய பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே காற்று போகிறது என்று தேடவும் அது வேண்டும்.

ஸ்ட்ரிப்பெல்லாம் தரையில் படும் பகுதிக்குத்தான். கல் கிழித்துப் பக்கவாட்டுச் சுவரில் ஓட்டை விழுந்தால் ஸ்டெப்னி ஒன்றே வழி. கிட்டோடு வரும் ரப்பர் சொல்யூஷன் ட்யூப் சென்னை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள்.

ஜாக்கி

வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி சமதள ரோட்டுக்குச் செய்தது. மண்ணில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கி இறங்கும். ஓரடிக்கு ஓரடி, ஒரு அங்குலம் தடிமனுள்ள பலகை ஒன்று வாங்கி அடியில் போடுங்கள். தச்சுப் பட்டறையில் துண்டுப் பலகையாகவே கிடைக்கும். அதோடு உங்கள் வண்டி எடைக்கு ஏற்ற பாட்டில் ஜாக்கி ஒன்று இருந்தால் நிம்மதி. சாலிட் ஆக்சில் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள வண்டியில் அதை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்தால் சக்கரம் உடனே தூக்கும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் கொடுத்தால் ஸ்பிரிங் முழுக்க நீண்ட பிறகுதான் சக்கரம் தரையை விடும், அதற்குள் ஜாக்கியின் உயரம் தீர்ந்துபோகும். ஹை லிஃப்ட் ஜாக்கி பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் கைப்பிடி திரும்பி அடித்துத் தாடை உடையக் கூடிய சாமான் அது. பழகியவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். எந்த ஜாக்கியானாலும் அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டால் ஒரு காப்பு.

இழுத்து எடுக்க

ஒற்றை வண்டியாகப் போகாதீர்கள் என்பதுதான் முதல் உபகரணம். இரண்டு வண்டி இருந்தால் ஒரு கைனெட்டிக் கயிறு, இரண்டு ஷாக்கிள், ஒரு மண்வெட்டி, இரண்டு ஜோடி கையுறை போதும். கைனெட்டிக் கயிறு ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு சுருங்கும், அந்த விசையில் புதைந்த வண்டி வெளியே வரும். லாரி தார்ப்பாய் கட்டும் கயிறு, கிணற்றுச் செயின் எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது. அறுந்தால் முனை எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஷாக்கிள் வாங்கும்போது எத்தனை டன் தாங்கும் என்பது அதன் உடம்பிலேயே அச்சாகியிருக்க வேண்டும். தார், ஜிம்னி மாதிரி வண்டிகளுக்கு 4.75 டன் ஷாக்கிள் தாராளமாகப் போதும். பின்னை முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்று திருப்பி விடுங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்ற வராது. மாட்டும் இடம் வண்டியின் டோ ஹூக்காக இருக்கட்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டை பாலில் மட்டும் எக்காரணம் கொண்டும் மாட்டக் கூடாது. அது முறிந்தால் பீரங்கிக் குண்டுதான். கயிற்றின் நடுவில் ஒரு பழைய போர்வையையோ ஈரச் சாக்கையோ போட்டுவிட்டு, டிரைவர்களைத் தவிர மற்றவர்கள் கயிற்றின் நீளத்துக்கும் மேலே தள்ளி நிற்க வேண்டும்.

உண்மையில் பாதி நேரம் மண்வெட்டியும் காற்றைக் குறைப்பதுமே வேலையை முடித்துவிடும். கயிறுக்கு அவசரப்படாதீர்கள்.

ஸ்பேர்: உங்களால் மாட்ட முடியாததையும் எடுங்கள்

'எனக்கு மாட்டத் தெரியாத பார்ட் எதற்கு?' என்று புதியவர்கள் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் சின்ன ஊர் மெக்கானிக்கிடம் கைவேலை இருக்கும், உங்கள் வண்டியின் பார்ட் இருக்காது. பொலேரோவுக்கு எதுவும் கிடைத்துவிடும். ஜிம்னிக்கும் கூர்க்காவுக்கும் சென்னையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லிக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் ஃபேன் பெல்ட், ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் உங்களால் மாட்ட முடிந்தாலும் முடியாவிட்டாலும் பெட்டியில் இருக்கட்டும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் இரண்டையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. அது அறுந்த பிறகு 'மெதுவாகப் போய்விடலாம்' என்று ஓட்டினால் இன்ஜின் சூடேறி சிலிண்டர் ஹெட்டே போய்விடும்.

டீசல் வண்டியென்றால் ஒரு ஃபியூயல் ஃபில்டர். மாற்றிய பிறகு ஏர் எடுக்க (லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும், அதை உங்கள் சர்வீஸ் மெக்கானிக்கிடம் ஒரு தடவை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் என்றால் ஒரு செட் ஸ்பார்க் பிளக். பழைய ஜிப்ஸி, ஜீப் வைத்திருப்பவர்கள் ஆக்சிலரேட்டர் வயர், கிளட்ச் வயர், யூஜே கிராஸ் என்று பட்டியலை நீட்டலாம். எல்லாருக்கும் பொதுவானவை: இரண்டு வீல் நட்டு, ஹெட்லைட் பல்ப், ஒரு ரிலே, ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், ஒரு லிட்டர் கூலன்ட், தனியாக ஐந்து லிட்டர் தண்ணீர், சீல் உடைக்காத சின்ன பிரேக் ஆயில் பாட்டில். திறந்த பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, மீதியை வைத்திருக்காதீர்கள்.

ஃபியூஸில் நிறம்தான் அடையாளம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஒவ்வொன்றிலும் இரண்டு. வண்டியில் இருப்பது மினியா, அதைவிடச் சின்ன வகையா என்று பிடுங்கிப் பார்த்து அதே மாதிரி வாங்குங்கள். போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியரோ கம்பியோ சொருகினால் அடுத்து எரிவது வயரிங்.

புது பார்ட்டுக்குச் சென்னையில் வண்டி பார்ட் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போகும்போது சேஸிஸ் நம்பரையும், முடிந்தால் பழைய பார்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் வருஷத்துக்கு வருஷம் மாறும் ஹோஸ் வளைவு சரியாக அமையாது. பழைய பார்ட் விற்கும் புதுப்பேட்டையில் ரிம், ஜாக்கி, பிராக்கெட் மாதிரி இரும்புச் சாமான்களைப் பேரம் பேசி எடுக்கலாம். பிரேக் சம்பந்தப்பட்டதும், உயிரை நம்பி மாட்டும் கயிறு, ஷாக்கிளும் பழையதாக வாங்கும் சாமான் இல்லை.

ஒட்டு, கட்டு

எம்-சீல், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, கட்டுக்கம்பி, நாலு அளவில் ஹோஸ் கிளிப், ஒரு துண்டு உப்புத்தாள், கந்தல் துணி, ஒரு பார் சோப்பு. எம்-சீல் எண்ணெய்ப் பசை மேல் ஒட்டாது. கசியும் இடத்தைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்த பிறகு வைக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருப்பதும் முக்கியம். பெட்ரோல் டேங்கில் சின்னக் கசிவு என்றால் பார் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பது பழைய டிரைவர்களின் கைவைத்தியம், சோப்பு பெட்ரோலில் கரையாது.

என் பெட்டியில் எப்போதும் இருக்கும் இன்னொன்று பழைய சைக்கிள் ட்யூப். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு அங்குல அகலத்தில் நீளமாக வெட்டிச் சுருட்டி வைக்கலாம். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தால், முழுக்க ஆறும்வரை காத்திருந்து (சூட்டில் மூடியைத் திறந்தால் முகமே வெந்துவிடும்), ஈரம் துடைத்து, வெடிப்புக்கு இரண்டங்குலம் முன்னாலிருந்து பட்டையை நன்றாக இழுத்துப் பிடித்து, பாதிக்குப் பாதி மேலே விழும்படி சுற்றிக்கொண்டே போய், இரண்டு முனையிலும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். கூலன்ட் ஊற்றி, டெம்பரேச்சரில் ஒரு கண் வைத்து, மெதுவாக ஓட்டினால் ஊர் வரும்வரை தாங்கும்.

அடுக்குவது

கனமானதெல்லாம் கீழே, பின் சீட்டை ஒட்டி. ஒரே பெரிய பெட்டியில் கொட்டி வைக்காமல், ஸ்பேனர்களைப் பழைய ஜீன்ஸ் துணியில் பை தைத்துச் சுருட்டியும், ஸ்பேரைத் தனி டப்பாவிலும், டயர் சாமான்களைத் தனிப் பையிலும் வையுங்கள். ஜாக்கியும் மண்வெட்டியும் கயிறும் மற்ற லக்கேஜுக்கு அடியில் போய்விடக் கூடாது. மழையில் சேற்றில் நின்றுகொண்டு, பிரியாணிப் பாத்திரத்தையும் பாயையும் வெளியே எடுத்து வைத்தால்தான் ஜாக்கி கிடைக்கும் என்ற நிலைமை வேண்டாம். எல்லாவற்றையும் ரேட்செட் பெல்ட் போட்டு வண்டியின் கொக்கியில் கட்டுங்கள். வண்டி உருண்டால் கட்டாத பாட்டில் ஜாக்கி நேராகத் தலைக்குத்தான் வரும். ஒரு கிலோ ஏ.பி.சி. பவுடர் ஃபயர் எக்ஸ்டிங்விஷர் மட்டும் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில். முதலுதவிப் பெட்டியும் அப்படித்தான்.

கேனில் பெட்ரோல் ஏற்ற வேண்டாம். இந்தப் பக்கத்துப் பாதைகளுக்கு டேங்கை நிரப்பிக்கொண்டு போனாலே போதும். அரிவாளும் வேண்டாம், ராத்திரி செக்போஸ்டில் சீட்டுக்கு அடியிலிருந்து அது வெளிவந்தால் விளக்கம் சொல்லியே விடிந்துவிடும். கிளை வெட்ட மடக்கு ரம்பம் போதும்.

திரும்பி வந்த பிறகு

கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். சேறு உள்ளே காய்ந்தால் மணல் நாரை அறுக்கும். டூல்ஸை வண்டியிலேயே வைத்திருப்பவர்கள் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து வையுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரைப் பக்கம் வீடு இருந்தால் ஒரே மழைக்காலத்தில் ஸ்பேனர் சிவந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் மூடிய வண்டிக்குள் ஸ்பிரே டப்பாக்களை விட்டுவைக்காதீர்கள். எம்-சீல், ரப்பர் சொல்யூஷன் பாக்கெட்டுகளின் மேல் வாங்கிய மாதத்தை மார்க்கரால் எழுதிவிடுங்கள். எந்த ஃபியூஸ் தீர்ந்தது, எத்தனை ஸ்ட்ரிப் போனது என்பதை அன்றைக்கே அந்தப் பழைய நோட்டில் குறித்துவிட்டால், அடுத்த தடவை ஜி.பி. ரோடு போகும்போது வாங்கி வந்துவிடலாம்.